கிணற்றுக் கொப்பிகள்

2022 மார்ச் மாதக் கடைசியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தது. அப்படி ஒரு பின்னேரம் பக்கத்து வளவுப் பெரியவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவருக்கும் எங்களுக்கும் ஒரே கிணறுதான். இரண்டு வீட்டு உறுதிகளிலும் பங்குக் கிணறு என்றே எழுதப்பட்டிருக்கிறது. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. இனிக் கையால் அள்ளித்தான் வெங்காயத்துக்கு விடவேண்டும் என்று முடிவெடுத்திருந்தார். "தம்பி, ஆவணியில் தண்ணீர் எவ்வளவு கீழே போகும்? கையால் அள்ளுவதென்றால் ஒவ்வோர் அடியும் கணக்கு. அடுத்த நடுகையை எவ்வளவு குறைக்கலாம் என்று பார்க்கிறேன். அப்பா எல்லாம் எழுதி வைத்தவர் அல்லவா?" என்று கேட்டார்.

அப்பா எழுதி வைத்திருந்தார். கணித ஆசிரியராக இருந்த அவர், 1979ஆம் ஆண்டு தொடங்கி ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் கிணற்றுக்குள் ஒரு கயிற்றை இறக்குவார். கயிற்றில் அடிக்கொரு முடிச்சு. நுனியில் ஒரு கல். கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம் வரை எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று கொப்பியில் ஒரு வரி எழுதுவார். வேறு எதுவும் எழுதமாட்டார். பெருமழை பெய்திருந்தால் மட்டும் ஓரத்தில் 'மழை' என்று ஒரு சொல் இருக்கும். ஒரு கொப்பி ஏறத்தாழ நான்கு வருடங்களுக்கு வரும்.

அந்தக் கொப்பிகளை நான் சில வருடங்களுக்கு முன் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இணையச் சேமிப்பில் போட்டிருந்தேன். பெரியவரை இருத்திவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன். சமிக்ஞை இல்லை, மின்வெட்டு நீண்டதில் கோபுரத்தின் பற்றரியும் தீர்ந்திருந்தது. மடிக்கணினியைத் திறந்தேன். அது ஒரு நிமிடம் விழித்துப் பார்த்துவிட்டு அணைந்தது. கடைசியில் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து 1990–95 கொப்பியை எடுத்துவந்து, மேசை விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு, பத்து நிமிடத்தில் அவருக்குப் பதில் சொன்னோம். அந்தக் கொப்பியின் வருடங்கள்தான் அவருக்கு வேண்டியவையும்கூட. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் எரிபொருளும் இல்லாமல் எல்லோரும் கையால் அள்ளிய காலத்துக் கணக்கு அது.

அவர் போன பிறகு வெகுநேரம் விளக்கை அணைக்காமல் அப்படியே இருந்தேன். மின்சாரம் இல்லாத நாளில் என்ன செய்வது என்ற அறிவை, மின்சாரம் இருந்தால் மட்டும் திறக்கும் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்திருக்கிறேன். கொப்பியை அப்பா எறிந்திருந்தால், அல்லது படம்தான் இருக்கிறதே என்று நான் எறிந்திருந்தால், அந்தப் பெரியவர் பதில் இல்லாமல் திரும்பிப் போயிருப்பார்.

எரிசக்தி குறைந்த எதிர்காலம் என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள். நான் அதில் வளர்ந்தவன். 1990 ஜூன் மாதத்தில் போர் மறுபடி தொடங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம், கடதாசி எல்லாம் தட்டுப்பாடாகின. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் படித்துத்தான் என் தலைமுறை பரீட்சை எழுதியது. போத்தலின் கண்ணாடியே காற்றுக்கு மறைப்பு. ஒரு குடும்பம் ஒரு வெளிச்சத்தைச் சுற்றி இருந்தது. செய்தித்தாளைப் பாடசாலைக் கொப்பிக்குரிய கோடு போட்ட தாளில் அச்சிட்டார்கள். கோடுகளுக்கு மேலே தலைப்புகள் ஓடும். அதை ஒருவர் வாங்கினால் ஒழுங்கை முழுவதும் படிக்கும்.

வானொலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் கணினி பற்றி எனக்கு இன்று இருக்கும் எண்ணங்கள் எல்லாம் அங்கேதான் தொடங்கின. சைக்கிளைத் தலைகீழாக, இருக்கையிலும் கைபிடியிலும் நிற்கும்படி கவிழ்த்து வைப்போம். பின்சக்கரத்தோடு தைனமோவை அழுத்திவிட்டு, மிதியைக் கையால் சுற்றவேண்டும். சைக்கிள் தைனமோ 6 வோல்ட், 3 வாட். அது தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியதோ நேரோட்டம். சந்தியில் வானொலி திருத்தும் அண்ணா பழைய பெட்டிகளிலிருந்து கழற்றிய நான்கு டயோட்டுகளையும் ஒரு மின்தேக்கியையும் இணைத்து எங்களுக்கு ஒரு சிறு பலகை செய்து தந்தார். பிபிசி தமிழோசை தொடங்கும் நேரத்துக்கு அயலவர்கள் எங்கள் முற்றத்தில் கூடிவிடுவார்கள். நானும் என் தங்கையும் மாறி மாறிச் சுற்றுவோம். கை சோர்ந்து வேகம் குறைந்தால் அறிவிப்பாளரின் குரல் அமுங்கும். எல்லோரும் திரும்பி எங்களைப் பார்ப்பார்கள்.

ஒரு சிறுவனின் கை, ஒரு வானொலிப் பெட்டி, இருபது பேர். செய்தியில் யாருடைய ஊர்ப் பெயராவது வந்தால் அப்பா அதைத் துண்டுக் கடதாசியில் குறித்துக்கொள்வார். மறுநாள் காலை அந்தத் துண்டு அடுத்த ஒழுங்கைக்குப் போகும். சுற்றும் கைக்கும் கேட்கும் காதுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எது பழுதானாலும் யாரிடம் போகவேண்டும் என்பதும் தெரியும். இன்று நான் வைத்திருக்கும் தொலைபேசி அந்த வானொலியை விட எத்தனையோ மடங்கு ஆற்றல் உள்ளது. அதற்கு மின்னேற்றவும் அந்தத் தைனமோ மெதுவாகவேனும் போதும். ஆனால் ஒரு படத்தைத் திறக்கக் கோபுரம் வேண்டும், கடலடி வடம் வேண்டும், வேறு நாட்டில் குளிரூட்டிய கட்டடத்தில் ஓயாமல் ஓடும் சேவையகம் வேண்டும், மறக்காத கடவுச்சொல் வேண்டும். அவற்றில் ஒன்றைக்கூட என்னால் கையால் சுற்ற முடியாது.

போர் நெருங்கிவர, 1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவு எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் வீட்டை விட்டு வெளியேறியது. இலட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கிழக்கே தென்மராட்சி நோக்கி நடந்தோம். மழை பெய்தது. அந்த நெரிசலில் யார் எதை எடுத்துக்கொண்டு நடந்தார்கள் என்பதை நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எல்லோர் கையிலும் ஒரு பை இருந்தது. அதில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு. அம்மம்மா தன் தகப்பனின் சாதக ஓலையைச் சேலைத் தலைப்பில் முடிந்திருந்தார். அப்பா உறுதிகளோடு சேர்த்து நான்கு கிணற்றுக் கொப்பிகளையும் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி எடுத்தார். கிணற்றைத் தூக்கிக்கொண்டு போகவா என்று அம்மா அழுதுகொண்டே கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை.

வழியில் பை கிழிந்தது. அடுத்த வருடம் வீடு திரும்பிய பிறகு கொப்பிகளை வெயிலில் விரித்தபோதுதான் முழுச் சேதமும் தெரிந்தது. நனைந்து அதிகமாகப் பழுதானது 1983–86 கொப்பிதான். அது ஊற்றுப் பேனையால் எழுதியது. நீல மை கரைந்து பக்கம் முழுவதும் பரவியிருந்தது. அதே அளவு நனைந்த 1990–95 கொப்பியில் ஓர் எழுத்தும் அழியவில்லை. தட்டுப்பாட்டுக் காலத்தில் மை கிடைக்காமல் அப்பா பென்சிலுக்கு மாறியிருந்தார். பென்சிலின் கரி நீரில் கரையாது, வெளிச்சத்தில் வெளிறாது, தாள் இருக்கும்வரை அதுவும் இருக்கும். அம்மம்மாவின் ஓலையும் சேலைத் தலைப்பில் ஊறிப்போய்த்தான் வந்து சேர்ந்தது. எழுத்தாணியால் கீறி விளக்குக் கரி பூசிய எழுத்து, துடைத்ததும் பழையபடி தெரிந்தது. அதுவும் கரி.

கடதாசியே சிறந்தது என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்லும் உரிமை யாழ்ப்பாணத்தானுக்கு இல்லை. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் எங்கள் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகிக் கிடந்தன. நல்ல கட்டடம், நல்ல அடுக்குகள், அக்கறையுள்ள நூலகர்கள் எல்லாம் இருந்தும், வேறெங்கும் படி இல்லாதவை அந்த ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலக நிறுவனம் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தியிருப்பதை நான் பெரும் நன்றியோடு பார்க்கிறேன். கடல் கடந்து எத்தனை இடங்களிலும் அதே பக்கத்தை வைத்திருக்கலாம் என்பது 1981இல் நமக்குக் கிடைக்காத வரம். ஆனால் கூரை என்பது ஓடும் சுவரும் மட்டும் அல்ல. 2023 ஆகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையைப் பணம் பறிக்கும் தீநிரல் ஒன்று தாக்கியது. மே நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்க முடியாமல் போயின. காப்புப் படிகளும் அதே வலையில்தான் தொடுத்திருந்தன. தனியாகக் கழற்றி வைத்த படி ஒன்று இருக்கவில்லை.

நனைந்த கொப்பிக்கு வருகிறேன். 1999இல் நான் வெள்ளவத்தையில் கணினி படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறையில் அப்பாவின் நான்கு கொப்பிகளையும் கொழும்புக்குக் கொண்டுபோய், கரைந்த மையில் இலக்கங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் தேடித் தேடி, எல்லாவற்றையும் தட்டச்சுச் செய்தேன். மாதப் பெயர்களைப் பாமினி எழுத்துருவில் அடித்தேன். அந்தக் காலத்தில் எங்களுக்கு அதுதான் தமிழ். கொப்பிக்கு ஒரு பிளொப்பி வட்டு என்று நான்கு வட்டுகளில் சேமித்தேன். ஒரு வட்டில் 1.44 மெகாபைட் இடம். நான்கு கொப்பிகளின் இலக்கங்களும் சேர்ந்தே அதில் ஒரு மூலையைக்கூட நிரப்பியிருக்காது. நான்கையும் நான்கு வட்டுகளிலும் போட்டிருக்கவேண்டும். ஒழுங்காக இருக்கவேண்டும் என்று பிரித்து வைத்தேன். அந்தப் பிழைக்கு இன்றுவரை வருந்துகிறேன்.

2022இல் பெரியவர் கேட்டுப்போன பிறகுதான் அந்த வட்டுகளைத் தேடினேன். நனைந்த கொப்பியில் பூஞ்சணம் பிடித்து, 1999இல் மங்கலாகத் தெரிந்த எழுத்தும் இப்போது போய்விட்டிருந்தது. அதன் இலக்கங்கள் உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்தச் சதுர வட்டுதான். நகரத்தில் கணினி திருத்தும் நண்பரிடம் யூஎஸ்பியில் செருகும் பிளொப்பி இயக்கி ஒன்று இருந்தது. மின்சாரம் வரும் நேரம் பார்த்து இரவு பதினொரு மணிக்கு அவருடைய கடையில் உட்கார்ந்தோம். மூன்று வட்டுகள் முழுதாகத் திறந்தன. 1983–86 வட்டு அரைவாசியில் கரகரத்து நின்றது.

திறந்தவற்றில் மாதப் பெயர்கள் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளின் குப்பை. 'மாசி' என்று நான் அடித்தது கே, எச், ஆர், பி என்ற நான்கு எழுத்துகளாகக் கிடந்தது. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் குறியீட்டுக்குத் தமிழ் முகமூடி போட்டவை. முகமூடி இருக்கும் கணினியில் மாசி. இல்லாத கணினியில் நான்கு ஆங்கில எழுத்துகள். இப்படி எழுத்துருவுக்கு ஒரு குறியீடாகத் தமிழில் எத்தனையோ இருந்தன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் நம் இலக்கியங்களைத் தட்டச்சுச் செய்து, பிறகு திஸ்கி என்ற பொதுத் தமிழ்க் குறியீட்டு முறை வந்தபோது அதற்கும், யுனிகோட் வந்தபோது அதற்கும் மாற்றினார்கள். அப்படி மாற்ற ஆள் இருந்ததால்தான் அவற்றை இன்று படிக்கிறோம். ஓலை பழுதாவதற்குள் புதிய ஓலையில் பெயர்த்து எழுதியவர்கள் செய்த அதே வேலை. மாற்ற ஆள் இல்லாத கல்யாணப் பாட்டும், ஊர் மலரும், யாரோ ஒருவரின் நினைவுக் குறிப்பும் எத்தனை வட்டுகளில் கே, எச், ஆர், பி என்று கிடக்கின்றனவோ.

என் இலக்கங்களுக்கு முகமூடி தேவைப்படவில்லை. பாமினியிலும் 1 என்றால் 1தான். வெறும் உரைக்கோப்பாகச் சேமித்திருந்ததால் எந்த மென்பொருளும் கேட்காமல் அவை 23 வருடங்களுக்குப் பிறகும் அப்படியே வந்து நின்றன. நான் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனால் அந்த இரவிலிருந்து எதைச் சேமித்தாலும் ஒரு கேள்வி கேட்கப் பழகியிருக்கிறேன்: இதைத் திரும்பப் படிக்க எவையெல்லாம் உயிரோடு இருக்கவேண்டும்? பென்சில் எழுத்துக்கு ஒரு கண், கொஞ்ச வெளிச்சம், தமிழ் தெரிந்த ஒருவர். நுண்படச் சுருளுக்கு அவற்றோடு ஒரு வில்லை. உரைக்கோப்புக்கு ஏதோ ஒரு கணினி. என் இணையச் சேமிப்புக்குச் சொல்லி முடியாத அளவு.

அதற்காகக் கணினியை விட்டுவிடவும் மனம் வரவில்லை. 1983 முதல் 1985 நடுப்பகுதி வரையான வரிகள் பிழைத்தது கணினியால்தான். ஆகவே வீட்டில் ஒரு சிறு ஏற்பாடு செய்தேன். கடன் அட்டையை விடச் சிறிய ராஸ்பெரி பை ஸீரோ கணினி ஒன்று. வேலை இல்லாத நேரத்தில் ஒரு வாட்டுக்கும் குறைவாகக் குடிக்கும். மோட்டார் சைக்கிளுக்குப் போடும் 12 வோல்ட், 7 ஆம்பியர்மணி பற்றரி. கூரையில் 20 வாட் சூரியத்தகடு. பற்றரியில் பாதியை மட்டும் செலவழித்தாலும் வெயிலே இல்லாமல் ஒன்றரை நாள் ஓடும். அதற்குள் இணையம் இல்லாமலே படிக்கும்படி கிவிக்ஸ் மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியா, மதுரைத் திட்டத்தின் நூல்கள், ஊர்ப் பாடசாலையின் பழைய வினாத்தாள்கள், கிணற்றுக் கொப்பிகள். அயல் வீட்டுப் பிள்ளைகள் எங்கள் மதிலோரம் வந்து தங்கள் தொலைபேசியில் பார்க்கிறார்கள். பார்சிலோனாவிலிருந்து வரும் லோ-டெக் மேகசின் தன் இணையத்தளத்தை 2018 முதல் ஒரு வீட்டு மாடத்துச் சூரியத்தகட்டில் நடத்துகிறது. வானம் தொடர்ந்து மூடியிருந்தால் தளமும் மூடிக்கொள்ளும் என்று வாசகருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் பெட்டியின் மேலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: மாரி காலத்தில் இரவு ஓடாது.

கனடாவில் வெர்ஜில் டூப்ரா என்பவர் இன்னும் ஒரு படி கீழே போனார். புதிய கணினிச் சில்லுகளே செய்ய முடியாமல் போகும் காலத்துக்கென்று, குப்பையில் கிடக்கும் பழைய இசட்-80 சில்லில் ஓடும் கொலாப்ஸ் ஓஎஸ் என்ற இயங்குதளத்தை எழுதினார். 1976இல் வந்த அந்தச் சில்லின் உற்பத்தியை 2024இல் நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஆனால் எத்தனையோ பழைய கருவிகளுக்குள் அது இன்னும் இருக்கிறது. பழைய பெட்டிகளிலிருந்து டயோட்டு கழற்றிய அண்ணாவை எனக்கு நினைவூட்டியது அவருடைய வேலை. அவருடைய எதிர்காலம் வருமா என்று நான் வாதாடப்போவதில்லை. சில்லு செய்யத் தெரியாத ஊருக்கு, இருக்கும் சில்லைக் காப்பாற்றத் தெரிந்தவர் வேண்டும். அதற்குப் போர் வரை போகத் தேவையில்லை, டொலர் தட்டுப்பாடே போதும்.

எரிபொருள் பங்கீட்டுக்காக 2022இல் ஒவ்வொரு வாகனத்துக்கும் கியூஆர் குறியீடு தந்தார்கள். தொலைபேசியில் வந்ததை எல்லோரும் கடதாசியில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, வண்டியில் வைத்துக்கொண்டார்கள். மசகு பட்டு, ஓரம் கிழிந்த பிறகும் அது வேலை செய்தது. குறியீட்டின் ஒரு பகுதி அழிந்தாலும் மீதியிலிருந்து மீட்கும் கணக்கு அதற்குள்ளேயே இருக்கிறது. அதைப் பார்த்து ஒரு சோதனை செய்தேன். மிகப் பெரிய கியூஆர் சதுரம் ஒன்றில் 2,953 பைட் அடங்கும். யுனிகோட்டின் வழக்கமான வடிவில் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட் வேண்டும். அப்படியும் திருக்குறளின் ஓர் அதிகாரம் ஒரு சதுரத்துக்குள் வசதியாக உட்கார்ந்தது. 133 சதுரங்களில் முழு நூல். பெருமையோடு தங்கையிடம் காட்டினேன். அதே அளவு தாளில் பத்துக் குறளையும் கண்ணால் படிக்கும்படியே எழுதலாமே, ஏன் மறைக்கிறாய் என்று கேட்டாள். அவள் சொன்னது சரி. இப்போது சதுரத்தை இலக்க அட்டவணைகளுக்கு மட்டும், தாளின் பின்பக்கத்தில் போடுகிறேன். முன்பக்கத்தில் அதே அட்டவணை மனிதர் படிக்கும்படி இருக்கிறது.

எல்லாவற்றையும் இப்படிக் காக்க முடியாது. எதைக் கையால் எழுதும் அளவுக்கு மதிக்கிறோம் என்று தேர்ந்தெடுக்கவேண்டியிருக்கிறது. அது எனக்குக் கடினமாக இருந்தது. கடைசியில் கதவுக்குப் பின்னால் தொங்கும் தாளில் ஒரு சில விடயங்களே மிஞ்சின. கிணற்றின் மாதவாரி அளவு. அயலில் எந்தக் கிணறு உவர், எது நன்னீர். வயிற்றோட்டத்துக்கு ஒரு லீட்டர் சுத்தமான நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உறவினர் தொலைபேசி இலக்கங்களும் வீட்டு முகவரிகளும். சீனி உப்புக் கணக்கைத் தங்கையின் மகளிடம் பாடம் கேட்டேன். தாளைப் பார்க்காமல் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைக் கயிறும் இப்போது அவள் பொறுப்புத்தான். அப்பாவின் கயிறு உக்கிவிட்டது. நைலோன் கயிற்றில் அதே அளவில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். பழைய கல்லைக் கட்டியிருக்கிறாள். எல்லா வருடங்களையும் மூன்று புதிய கொப்பிகளில் பென்சிலால் பெயர்த்து எழுதினோம். ஒன்று எங்கள் அலுமாரியில், ஒன்று பங்குக் கிணற்றுப் பெரியவர் வீட்டில், ஒன்று ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணாவிடம். எழுதும்போது 1985 ஜூலை வந்ததும் மருமகள் நிறுத்தினாள். அதற்குப் பிறகு 1986 கடைசி வரை வட்டிலும் இல்லை, கொப்பியிலும் இல்லை. அடுத்த பக்கத்தில் 1987ஐத் தொடங்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் திகதியை எழுதி, எதிரே கோட்டை வெறுமையாக விட்டுக்கொண்டு போனோம். எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட வரிகள், மூன்று கொப்பிகளிலும். அந்த வட்டை ஈயத்தாளில் சுற்றி அப்பாவின் பென்சில் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.